பேச்சு விழுந்த வேர்

என் அக்காவின் கணவரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் நான் எழுதுவதில் யாரும் நடுநிலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அவருக்கும் என்னைப் பிடிக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை வாயாடி என்றுதான் சொல்வார். அதில் தப்பில்லை, நான் வாயாடிதான். சங்கரன்கோவிலில் நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. அந்தச் சத்தத்துக்கு மேலே பேசினால்தான் அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும். பிறகு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சரானேன். அங்கேயும் ஜன்னலுக்கு வெளியே தறிதான். என் தொண்டை அப்படியே பழகிவிட்டது. கைப்பையில் சாக்பீஸ் இருக்கிறதோ இல்லையோ, தொண்டைக்கட்டுக்குச் சித்தரத்தைத் துண்டு எப்போதும் இருக்கும்.

அத்தான் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசில் இருந்த காலம் முழுக்க, வந்தவர்களிடம் இது சட்டப்படி முடியாது, அது சட்டப்படி இப்படித்தான் என்று சொல்லியே பொழுதைக் கழித்தவர். ஓய்வு பெற்றதும் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. கையில் போன் இருந்தது. அதில் வருகிற மூலிகை வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தார். ஆறு மாதத்தில் வைத்தியராகிவிட்டார். தெருவில் யாருக்காவது இருமல் என்றால் ஆடாதொடை, மூட்டுவலி என்றால் முடக்கத்தான். அதுவரை எனக்கு ஒன்றுமில்லை. ஆடாதொடை நல்ல இலைதான், முடக்கத்தான் தோசையை நானே சுட்டுத் தின்கிறேன். நாட்டு மருந்தோடு எனக்குப் பகை கிடையாது.

பகை வந்தது அக்கா விஷயத்தில். அவளுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. போன வருஷம் கால் வீங்கியது, முகம் காலையில் உப்பியிருந்தது. திருநெல்வேலி டாக்டர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இரண்டு கிட்னியும் பழுதாகிக்கொண்டு வருகிறது, மாத்திரையும் சாப்பாடும் ஒழுங்காக இருந்தால் இப்படியே ஓட்டலாம், இல்லாவிட்டால் இரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷின்தான் என்றார். அத்தான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் பெட்டியைத் தூக்கிப் பரணில் வைத்தார். இங்கிலீஷ் மருந்தும் மூலிகையும் ஒரே வயிற்றில் சேராது என்றார். மறுநாளிலிருந்து அக்காவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் கஷாயம்.

என்ன கஷாயம் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். மருந்தின் பெயரைச் சொன்னால் பலிக்காதாம். ஒருநாள் அக்காவின் அடுப்படி மேடையில் ஒரு வேர்த்துண்டு கிடந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு காய்ந்த கொடியும் இரண்டு இலையும். நான் பார்த்தவுடன் உட்கார்ந்துவிட்டேன். ஈசுவரமூலி. பெருமருந்துக்கொடி என்றும் சொல்வார்கள், கருடக்கொடி என்றும் சொல்வார்கள். பாம்புக்கடிக்கு அந்தக் காலத்தில் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கொடியில் இருக்கிற அமிலம் கிட்னியைத் திரும்பச் சரியாக்கவே முடியாதபடி அரித்துவிடும். நல்ல கிட்னியையே கெடுப்பது, கெட்ட கிட்னியை என்ன செய்யும்?

சொன்னேன். அவரிடம் சொன்னேன், அக்காவிடம் சொன்னேன், அழுதுகூடச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பாம்பு விசத்தையே முறிக்குத கொடிம்மா அது. நீ புஸ்தகத்துல படிச்சதை எங்கிட்ட வந்து ஒப்பிக்காத."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "அவருக்குத் தெரியாதாட்டி? எனக்காகத்தான செய்யுதாரு" என்றாள். அத்தானை டாக்டரிடம் போனில் பேசச் சொன்னேன். டாக்டர் திட்டினார். டாக்டர் திட்டியதும் அத்தானுக்கு மருந்தின் மேல் நம்பிக்கை இன்னும் கூடிவிட்டது.

அந்த வேர் ஒரு மாதத்துக்குத்தான் வரும். அமாவாசை அன்று மலையடிவாரத்துக்குப் போய்ப் பறித்துக்கொண்டு வருவார். பறிப்பதற்கு முறை உண்டு. முதல்நாள் சாயங்காலமே கொடியில் மஞ்சள் நூலால் காப்புக் கட்ட வேண்டும். மறுநாள் உச்சிப் பொழுதுக்கு முன்னால் எடுக்க வேண்டும். இரும்பு படக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வேரில் கை வைத்ததிலிருந்து அது மடியில் சேரும்வரை யார் வாயிலிருந்தும் ஒரு சொல் வரக்கூடாது. பேச்சு விழுந்தால் மூலிகை சாபம் பெற்றுவிடும். அந்த வேரை அங்கேயே மண்ணில் புதைத்துவிட்டு வேறு கொடிக்குப் போக வேண்டும். இதெல்லாம் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதிதான்.

இந்தத் தடவை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய வேர் தீர்ந்துபோயிருந்தது. சனிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நாளைக்கு நீயும் அவரு கூடப் போயிட்டு வா. போன தடவ வழுக்கி விழுந்திருக்காரு. சொல்ல மாட்டேங்காரு, முழங்கால்ல காயத்தைப் பாத்தேன். என்னால ஏற முடியாது. ஒத்தையில விடப் பயமா இருக்கு."

"என்னையா? அவரு கூடவா?"

"எனக்காகப் போயிட்டு வாட்டி. பறிக்கும்போது மட்டும் வாயை மூடிக்கிட்டு இரு. உன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல."

சரி என்றேன். ஒத்துக்கொண்டதற்குக் காரணம் அக்காவின் பயமில்லை. அந்தக் கொடி இருக்கிற இடத்தைப் பார்த்துவிட வேண்டும், முடிந்தால் அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு எண்ணம். அக்கா என் கையில் புளியோதரைப் பொட்டலமும், பூச்சி கடித்தால் போடச் சொல்லிக் கோயில் புற்றுமண் ஒரு பொட்டலமும் கொடுத்தாள். ஊரில் எல்லா நோவுக்கும் முதல் வைத்தியம் அந்த மண்தான். நான் மறுக்கவில்லை, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

விடியக் கருக்கலில் ஒரு பழைய ஜீப் வந்தது. அத்தானோடு ஆபீசில் வேலை பார்த்த நண்பருடையது. சிவகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவருக்கு எலுமிச்சைத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்துக்கு மேலே அவருடைய பட்டாச் சரிவு கொஞ்ச தூரம் ஏறும், அதற்கப்புறம் காட்டு இலாகாவின் எல்லைக்கல். அவர்தான் முதல்நாளே கொடிகளுக்கு மஞ்சள் நூல் கட்டி வைத்திருந்தார். பேச்சும் சிரிப்புமான ஆள். வண்டியில் அத்தான் முன்னால், நான் பின்னால். சிவகிரி வரைக்கும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அந்த அண்ணாச்சி இரண்டு பேரிடமும் மாறி மாறிப் பேசிக் களைத்துவிட்டார்.

மலை ஏறத் தொடங்கியபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. எலுமிச்சை வாசம் முடிகிற இடத்தில் கல்லும் முள்ளும் ஆரம்பிக்கிறது. அத்தான் கையில் கம்போடு முன்னால் நடந்தார். ஒவ்வொரு செடிக்கும் நின்று, அண்ணாச்சிக்கு விளக்கம் சொன்னார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொன்னார்.

"இந்தா, சிறுகுறிஞ்சான். இலையை மென்னுட்டுச் சீனியை வாயில போடும், மண்ணு மாதிரி இருக்கும்."

அது சரி. சிறுகுறிஞ்சான்தான், இனிப்பு தெரியாதுதான். எனக்கு எரிச்சலாக இருந்தது. முழுக்கத் தப்பாகச் சொல்லுகிற ஆளாக இருந்தால் எளிதாக இருந்திருக்கும். நன்னாரியைச் சரியாகக் காட்டினார். நிலவேம்பைச் சரியாகக் காட்டினார். எட்டி மரத்தின் கீழே ஆரஞ்சு நிறத்தில் பழங்கள் உதிர்ந்து கிடந்தன, பார்க்கக் கமலாப்பழம் மாதிரி இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது என்று அவரே கம்பால் ஒதுக்கிவிட்டார்.

கொஞ்சம் மேலே பாறை இடுக்கில் செங்காந்தள் பூத்திருந்தது. நெருப்புக் கொழுந்து மாதிரி ஆறு இதழும் மேலே வளைந்து நின்றன.

"இதோட கிழங்கு இருக்கே," என்று ஆரம்பித்தார்.

"கொன்னுரும்" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் பேசிய முதல் சொல் அது.

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி. இது பார்த்தவுடனே பயமா இருக்கும், யாரும் தின்ன மாட்டான். பயப்படாம தினமும் காய்ச்சிக் குடிக்குத விசந்தான் மோசம்."

அவர் முகம் இறுகிவிட்டது. அண்ணாச்சி வேகமாக எங்களுக்கு நடுவில் வந்து, "ஏ, அங்கன பாருங்க, கரடி புத்தைத் தோண்டிப் போட்டிருக்கு" என்று எதையோ காட்டினார். அங்கே ஒரு கரடியும் தோண்டியிருக்கவில்லை. மழையில் சரிந்த மண் அது.

முதல் மஞ்சள் நூல் ஒரு புன்னை மரத்தடிப் புதரில் தெரிந்தது. கொடி நன்றாக ஏறியிருந்தது. சென்ற பருவத்துக் காய்கள் வெடித்து, சின்னச் சின்ன உறியாகத் தலைகீழாகத் தொங்கின. அத்தான் செருப்பைக் கழற்றினார். மடியிலிருந்து பூவரசங்குச்சி ஒன்றை எடுத்தார், தோண்டுவதற்கு. கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். எங்களைத் திரும்பிப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அண்ணாச்சி மூச்சையே பிடித்துக்கொண்டு நின்றார்.

நானும் நின்றேன். அக்காவுக்குச் சொன்ன சொல் நினைவில் இருந்தது. அவர் தோண்டத் தோண்ட வேர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது, மண்ணும் கற்பூரமும் கலந்த மாதிரி ஒரு வாடை. அப்போதுதான் இலையில் புழுக்களைப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, சிவப்பு முள். இந்தக் கொடியின் விஷத்தைத் தின்று உடம்பில் ஏற்றிக்கொள்கிற புழு. அது பட்டாம்பூச்சியானால் ஒரு பறவையும் அதைத் தொடாது. நான் வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற பாடம். அந்தக் கொடியின் வேர்தான் என் அக்காவின் தம்ளரில் போகப்போகிறது.

"அத்தான், அதைக் கீழ போடுங்க" என்றேன்.

தறித்தெருக் குரல். மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வேர் பாதி கையில், பாதி மண்ணில். திட்டுவார் என்று நினைத்தேன். அடித்துவிடுவார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் வேரை மெதுவாகக் குழியில் திரும்ப வைத்து, மண்ணைத் தள்ளி மூடி, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அண்ணாச்சிக்கே பொறுக்கவில்லை. "வே, காதுல விழாத மாதிரி எடுத்திரும்வே. இங்கன யாரு பாக்கப்போறா?"

"பேச்சு விழுந்துட்டு. முறைன்னா முறைதான்" என்றார் அத்தான். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மாதம் இந்த மனிதரிடம் படித்ததையெல்லாம் கொட்டியிருப்பேன், ஒரு எழுத்துகூட உள்ளே போகவில்லை. இப்போது ஒரு வாக்கியத்தில் வேரைக் கீழே போட்டுவிட்டார். ஆபீசில் ஏழை எளியவர்களைச் சட்டம் சொல்லித் திருப்பி அனுப்பிய அதே குணம். அந்தக் குணத்தை நான் காலமெல்லாம் வெறுத்திருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! உச்சிப் பொழுதுவரை இவர் பின்னாலேயே போய்ப் பேசிக்கொண்டிருந்தால் போதும். இந்த மாதம் வேர் கிடையாது. வேர் இல்லாவிட்டால் பரணில் இருக்கிற மாத்திரை கீழே இறங்கும். அடுத்த அமாவாசைக்குள் டாக்டரிடம் போகிற நாளும் வருகிறது.

அதன் பிறகு நடந்ததை மலை ஏற்றம் என்று சொல்ல முடியாது. துரத்தல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மஞ்சள் நூலுக்கு அவர் அரை ஓட்டமாகப் போனார். நானும் போனேன். அவர் கை வேரில் பட்டதும் நான் பாடம் நடத்த ஆரம்பித்தேன். பதினொன்றாம் வகுப்புப் பாடம், இலையின் பாகங்கள். இலையடி, இலைக்காம்பு, இலைத்தாள். அவர் மண்ணை மூடினார். மூன்றாவதில் மகரந்தச் சேர்க்கை. அந்தக் கொடியின் பூ வாடை காட்டி ஈயை வரவழைத்து, உள்ளே விழவைத்து, ஒருநாள் அடைத்து வைத்திருந்து அனுப்பும். அதைக் கை கால் ஆட்டி விளக்கினேன்.

"டீச்சரம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு அஞ்சு நிமிசம் வாயை மூடப்பிடாதா?" அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார்.

"மூட மாட்டேன், அண்ணாச்சி. நீங்களும் சேர்ந்து பேசுங்க."

"என்னை ஆளை விடுங்க. உங்க குடும்பச் சண்டைக்கு என் மலைதான் கிடைச்சுதா?" அவர் புளியோதரைப் பொட்டலத்தை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசி நூல் எல்லைக்கல் பக்கம் இருக்கிறது என்று மட்டும் அத்தானிடம் சொன்னார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் மேலே ஏறினோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு பாறை நிழலில் அவர் நின்றார், மூச்சு வாங்கியது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். எனக்கும் மூச்சு வாங்கியது. சித்தரத்தையை வாயில் போட்டுக்கொண்டேன்.

"உனக்கு உங்க அக்கா மேல அவ்வளவு பாசமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு மட்டும் பாசமா? பாசம் இருக்கிறவரு மாத்திரையைப் பரண்ல போடுவாரா?"

அவர் கம்பால் மண்ணைக் கிளறினார். "எங்க அண்ணனை நாந்தான் கூட்டிட்டுப் போவேன், திருநெல்வேலிக்கு. வாரத்துக்கு ரெண்டு தடவ. பஸ்ல. அந்த மிஷின்ல படுக்க வைப்பாங்க. வெளிய நிப்பேன். வரும்போது ஆளு துவண்டு போய் எம் மேல சாஞ்சுக்கிட்டு வருவாரு. கடைசில கையில ஊசி குத்த இடமில்ல." கம்பை ஊன்றி நிமிர்ந்தார். "அவளை அங்கன படுக்க விட மாட்டேன்."

இந்த இடத்தில் என் மனம் இளகியிருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். இளகவில்லை. எனக்குக் கோபம்தான் அதிகமானது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு, பயந்த இடத்துக்கே அவளை இழுத்துக்கொண்டு போகிறாரே.

"நீங்க குடுக்குத கஷாயந்தான் அவளை அந்த மிஷின்ல கொண்டு போய்ப் படுக்க வைக்கும்" என்றேன். "உங்க கையாலயே நீங்க படுக்க வைப்பீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடி இருந்தது. திரும்பி, ஏறத் தொடங்கினார். வேண்டுமென்றே செங்குத்தான வழியாக ஏறினார். அவருக்கு அந்த இடம் பழக்கம். எனக்குப் பழக்கமில்லை. பள்ளிக்கூட மாடிப்படிதான் என் மலை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். பிடித்த செடிகளில் ஒன்று காஞ்சொறி. உள்ளங்கை தீயாக எரிந்தது. ஐயோ என்று கத்தக்கூட முடியவில்லை. தொண்டை கட்டிவிட்டிருந்தது. காலையிலிருந்து நடத்திய பாடமெல்லாம் சேர்ந்து குரலை அடைத்துவிட்டது.

மேலே எல்லைக்கல் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு மரம், மரத்தில் அந்தக் கொடி, இதுவரை பார்த்ததிலேயே தடித்தது. மஞ்சள் நூல் வெயிலில் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தினார். நான் அவருக்கு ஒரு வீட்டு உயரத்துக்குக் கீழே இருந்தேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். கரகரவென்று ஏதோ வந்தது, எனக்கே கேட்கவில்லை. அவர் கை மண்ணுக்குள் போய்விட்டது. ஓடிப் போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தேன், சரளைக்கல் சறுக்கியது. முழங்கால் பாறையில் மோத, நான் கொஞ்ச தூரம் உருண்டு ஒரு புதரில் போய் நின்றேன். வலியில் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு என்று நினைத்தேன். அக்காவுக்கு இன்னொரு மாதத்துக் கஷாயம் ஆயிற்று என்று நினைத்தேன். வலியைவிட அதற்குத்தான் அழுதேன்.

"ஏம்மா! விழுந்துட்டியா? அடி பட்டுட்டா?"

கண்ணைத் திறந்தேன். அவர் மேலே எழுந்து நின்றுகொண்டிருந்தார். வேர் அவர் கையில் இருந்தது. முழு வேர், மண் உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னும் மடியில் சேரவில்லை.

கத்திய வாய் அப்படியே திறந்திருந்தது. அவர் வேரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சூரியன் நேர் மேலே வந்துவிட்டது, அவர் நிழல் காலடியிலேயே கிடந்தது. பிறகு குந்தி, வேரைக் குழியில் வைத்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளி மூடினார். அதைச் செய்வதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

இறங்கி வந்து கையைக் கொடுக்கவில்லை. கம்பை நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன். முழங்காலில் இரத்தம். என் பையைத் துழாவிப் புற்றுமண் பொட்டலத்தை எடுத்து, காயத்தில் அப்பினார்.

"அதுல கிருமி இருக்கும்" என்றேன். குரல் இல்லை, உதடுதான் அசைந்தது.

"வாயை மூடு" என்றார்.

வீட்டுக்கு வந்து சேரும்போது சாயங்காலம். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். கஷாயப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது நடையிலிருந்தே தெரிந்தது. அவள் கண் அவருடைய மடிக்குப் போனது. மடி காலியாக இருந்தது.

"பறிக்க முடியல" என்றார். "உன் தங்கச்சி எல்லாத்துலயும் பேசிட்டா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாத்துலயுமா? கடைசி வேரைக் கெடுத்தது யார் வாய்? பொய்யைப் பார், என்ன கூசாமல் சொல்கிறார்! குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் என்ன நடக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். அவளுக்கு நம்பிக்கை அவர் மேல்தான். மருந்தைக் கெடுத்தது அவரே என்று தெரிந்தால் அவள் உடைந்துவிடுவாள். அவர் மேல் இருக்கும் நம்பிக்கை போனால், அவர் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையையும் தொட மாட்டாள்.

வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு முழுக்க நானாக வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதானட்டி கேட்டேன்" என்றாள் அக்கா. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அத்தான் பரணில் ஏறி மாத்திரைப் பெட்டியை இறக்கினார். வேர் கிடைக்கிறவரைக்கும் இதைச் சாப்பிடு என்று கொடுத்தாராம். நான் போன் செய்தபோது அதை அவர்தான் சொன்னார். ஏனென்றால் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் கொடுத்தனுப்பிய சுண்டைக்காய் வற்றல் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. அவளுக்கு என்ன, எப்படி இருக்கிறாள், தூங்கினாளா, கால் வீக்கம் வடிந்ததா என்று தெரிய வேண்டுமானால் நான் அந்த மனிதருக்குத்தான் போன் செய்ய வேண்டும். செய்கிறேன். தினமும் செய்கிறேன். "இருக்கா" என்பார். "சாப்பிட்டா" என்பார். வைத்துவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை அதிகமாக வராது.

டாக்டரிடம் போய்வந்தார்கள். கிட்னி போன தடவை இருந்த அளவிலேயே நிற்கிறது, இதற்குமேல் கெடவில்லை, இப்படியே போகட்டும் என்றிருக்கிறார். அதையும் அவர்தான் சொன்னார். அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"வேர் மட்டும் கிடைச்சிருந்தா இதுக்குள்ள முழுசாக் குணமாயிருக்கும்னு சொல்லுதா" என்றார்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் தறிச் சத்தம்தான் கேட்டது, அவருக்கு என் பக்கத்துத் தறி, எனக்கு அவர் பக்கத்துத் தறி.

இன்றைக்குச் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். அவர் எனக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. அக்காவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து எடுத்தேன்.

"நாளைக்கு அமாவாசை" என்றார். "மலைக்குப் போகச் சொல்லுதா. இந்தத் தடவையாவது எடுத்துட்டு வாங்கன்னு அழுதா. நான் எப்படி மாட்டேன்னு சொல்ல?"

போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அண்ணாச்சி காலையில வெள்ளன வண்டி கொண்டு வாராரு. உங்க தெரு முக்குல நிறுத்தச் சொல்லிருக்கேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமினார்.

"தொண்டைக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு அவரை இப்போதும் பிடிக்காது. கஷாயத்தை நினைத்துப் பயந்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லத் துணியாமல் என் வாயைக் கடன் கேட்கிற ஆள். நாளைக்கு நான் போய்ப் பேசத்தான் போகிறேன், ஒவ்வொரு வேரிலும் பேசத்தான் போகிறேன், அவர் முறைப்படி மண்ணை மூடத்தான் போகிறார். அக்கா என்னோடு இன்னொரு மாதம் பேச மாட்டாள். பேசாமல் இருக்கட்டும். இருந்தால் போதும்.

கைப்பையைத் துழாவினேன். ஒரு சித்தரத்தைத் துண்டுதான் இருந்தது, அது பத்தாது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.